மூன்றடி மூன்றங்குலம் மூன்று நூல்

மலாயாவின் முதல் இருப்புப்பாதை 1885-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் நாள் பேராக் மாநிலத்தில் திறக்கப்பட்டது. தைப்பிங் நகரையும், இன்று கோலா செபெத்தாங் என வழங்கும் போர்ட் வெல்ட் துறைமுகத்தையும் இணைத்த அப்பாதையின் நீளம் ஏறத்தாழ எட்டு மைல். சுரங்கங்களில் எடுத்த ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டு சேர்ப்பதே அதன் நோக்கம். அக்காலத்தில் இந்நாட்டில் சாலை மைலிலும், நிலம் ஏக்கரிலும், துணி கெஜத்திலும், மரப்பலகை அடியிலும் அங்குலத்திலும் அளக்கப்பட்டன. ஆண்டவர் ஆங்கிலேயர், அளவையும் ஆங்கில அளவையே. ஆயினும், அப்பாதையின் இரு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட அகலம் மூன்றடியும் அன்று. மூன்றரை அடியும் அன்று. மூன்று அடி, மூன்று அங்குலம், அதற்கு மேல் ஓர் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு.

தச்சுவேலையும் கட்டட வேலையும் செய்யும் தமிழர் ஓர் அங்குலத்தை எட்டாகப் பகுத்து, ஒவ்வொரு பகுதியையும் ஒரு நூல் என்பர். அவர்தம் கணக்கில் சொன்னால் அவ்வகலம் மூன்றடி மூன்றங்குலம் மூன்று நூல். பழைய பின்ன வாய்பாட்டில் சொன்னால் மூன்றடி மூன்றேகாலே அரைக்கால் அங்குலம். கேட்பதற்கு ஏதோ விடுகதைபோல் இருக்கும் இவ்வளவு, உண்மையில் ஒரு மீட்டர். 1972-ஆம் ஆண்டின் எடைகள் அளவைகள் சட்டத்தால் மலேசியா ஏற்றுக்கொண்ட மெட்ரிக் அளவை, அதற்கு 87 ஆண்டுகளுக்கு முன்பே இந்நாட்டு மண்ணில் இரும்பாகப் பதிக்கப்பட்டிருந்தது. ஆனால் அதை மீட்டர் என்று சொல்லி அளந்தவர் அந்நாளில் மிகச் சிலரே.

ஆங்கிலேயர் ஆட்சியில் பிரெஞ்சு நாட்டு அளவை எவ்வாறு புகுந்தது? அதற்கு விடை இந்தியாவில் கிடைக்கிறது. இந்தியாவின் தொடக்க கால இருப்புப்பாதைகள் ஐந்தடி ஆறங்குல அகலம் கொண்டவை. அவற்றைப் போடுவதற்குப் பெருஞ்செலவு பிடித்தது. ஆகவே, மேயோ பிரபு அரசப் பிரதிநிதியாக இருந்தபோது, 1870-ஆம் ஆண்டளவில், செலவு குறைந்த குறுகிய பாதை ஒன்றைப் புகுத்துவதென முடிவாயிற்று. அதே வேளையில் இந்திய அரசு மெட்ரிக் அளவையை ஏற்கவும் எண்ணியிருந்தது. அதற்கெனச் சட்டமும் இயற்றப்பட்டது. வருங்கால அளவைக்குப் பொருந்தட்டும் என்று புதிய பாதைக்கு ஒரு மீட்டர் அகலம் தெரிந்தெடுக்கப்பட்டது. சட்டமோ ஏட்டளவில் நின்றுவிட்டது. இந்தியா மெட்ரிக் அளவைக்கு மாறுவதற்கு 1956-ஆம் ஆண்டில் மற்றொரு சட்டம் வேண்டியிருந்தது. தண்டவாளங்கள் மட்டும் சட்டத்திற்குக் காத்திராமல் தென்னிந்தியா, பர்மா, மலாயா எனப் பரவின.

இனி, அந்த மீட்டரை எந்த அளவையால் மக்கள் புரிந்துகொண்டனரோ, அந்த அடியையும் அங்குலத்தையும் சற்றுப் பின்சென்று காண்பது பொருத்தம்.

தமிழரின் பழைய கணித நூலாகிய கணக்கதிகாரம் கூறும் நீட்டலளவையில் எட்டு நெல் ஒரு விரல். பன்னிரண்டு விரல் ஒரு சாண். இரண்டு சாண் ஒரு முழம். நான்கு முழம் ஒரு கோல். இடைக்கால இங்கிலாந்தின் அளவை விதி ஒன்றோ, உலர்ந்து உருண்ட வாற்கோதுமை மணி மூன்று ஓர் அங்குலம் என்றும், பன்னிரண்டு அங்குலம் ஓர் அடி என்றும், மூன்றடி ஒரு கெஜம் என்றும் வகுத்தது. அதற்கும் முன்னர் உரோமர் தம் அடியைப் பன்னிரண்டு கூறாக்கி, ஒரு கூற்றுக்கு 'உன்சியா' எனப் பெயரிட்டனர். ஆங்கிலேயரின் 'இன்ச்' என்ற சொல்லும், எடையளவையாகிய 'அவுன்ஸ்' என்ற சொல்லும் அதிலிருந்தே பிறந்தவை. தமிழரும் உரோமரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்டார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. பன்னிரண்டைப் பாதியாக்கலாம், மூன்றாக்கலாம், காலாக்கலாம், ஆறாக்கலாம், மிச்சம் வாராது. கையில் தாளும் எழுதுகோலும் இல்லாமல் பங்கு போட வேண்டியவனுக்குப் பன்னிரண்டைவிட நல்ல எண் வாய்ப்பது அரிது.

இங்கே ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. 'அங்குலம்' வடசொல். விரல் என்பதும் விரலின் அகலம் என்பதும் அதன் பொருள். ஆங்கிலேயரின் இன்ச் வந்து சேர்ந்தபோது, அதற்கு நேரான சொல்லாக இந்தப் பழைய சொல்லையே நம்மவர் எடுத்துக்கொண்டனர். ஆனால் விரலகலமும் இன்ச்சும் ஒன்றல்ல. விரலகலம் ஏறக்குறைய முக்கால் இன்ச். ஆகவேதான் பழங்கணக்கில் 24 அங்குலமாக இருந்த முழம், ஆங்கில அளவுகோலை வைத்துப் பார்த்தால் 18 அங்குலமாகச் சுருங்கிவிடுகிறது. முழமும் குறையவில்லை, அளந்தவர் கையும் குறையவில்லை. சொல் பழையதாகவே இருக்க, அது குறிக்கும் நீளம் மட்டும் மாறிவிட்டது. சிற்ப நூலிலோ பழைய நிலக் கணக்கிலோ அங்குலம் என்று கண்டவுடனே அதை இரண்டரைச் சென்டிமீட்டர் எனக் கொண்டு பெருக்கிவிடும் மாணவன், கட்டடத்தை மூன்றில் ஒரு பங்கு பெரிதாக்கிவிடுகிறான்.

மலாய் மக்களிடமும் உடலளவைகளே இருந்தன. அவர்களின் 'ஜெங்கால்' நம் சாண். 'ஹஸ்தா' நம் முழம். கையைக் குறிக்கும் வடசொல்லே அது. ஆங்கில அடிக்கு அவர்கள் இட்ட பெயர் 'காக்கி'. அதன் பொருளும் காலடிதான்.

ஆங்கில அடி தமிழ் மண்ணில் நுண்ணளவையாக ஊன்றியது 1802-ஆம் ஆண்டு எனலாம். சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியைக் கொண்டு, ஏறத்தாழ ஏழரை மைல் நீளக் கோடு ஒன்றை அளந்தார். இந்தியப் பெருநில அளவை அக்கோட்டிலிருந்தே தொடங்கியது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அடி மக்கள் வாயில் நிலைபெற்ற கதை இன்னும் சுவையானது. 1822-ஆம் ஆண்டு சிங்கப்பூர் நகரமைப்புக்கு இராபிள்ஸ் வகுத்த விதிகளில், ஒவ்வொரு வீட்டின் முகப்பிலும் குறிப்பிட்ட அகலத்தில், எந்நேரமும் திறந்திருக்கும் கூரையிட்ட நடைபாதை தொடர்ச்சியாக அமைய வேண்டும் என்பதும் ஒன்று. வெயிலும் மழையும் மாறி மாறி வரும் இந்நாட்டிற்கு ஏற்ற ஏற்பாடு. பிற்காலத்தில் அதன் அகலம் ஐந்தடி என்று நிலைபெறவே, மலாய்க்காரர் அதைக் 'காக்கி லீமா' என்றனர். ஹொக்கியன் சீனர் தம் மொழியின் ஐந்தையும் மலாய் மொழியின் அடியையும் சேர்த்துக் 'கோ காக்கி' என்றனர். தமிழர் 'அஞ்சடி' என்றனர். பொற்கொல்லரும், ஒட்டுக்கடைக்காரரும், கடிதம் எழுதிக் கொடுப்போரும் பிழைத்த இடம் அது. அளவு நாடாவைக் கொண்டுபோய் அளந்தால் ஆறடியும் ஏழடியும் இருக்கும் அஞ்சடிகள் உண்டு. மெட்ரிக் சட்டம் வந்த பிறகும் அதை 1.524 மீட்டர்ப் பாதை என்று அழைக்க எவரும் துணியவில்லை.

நகரத்தில் அடி ஒரு பெயராயிற்று. தோட்டத்திலோ அது கூலியாயிற்று. இரப்பர்க் கன்றுகளை இருபதுக்கு இருபது அடி இடைவெளியில் நடுவது தொடக்க கால வழக்கங்களுள் ஒன்று. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. ஒரு கன்றுக்கு 400 சதுர அடி. ஆக, ஏக்கருக்கு 108 மரங்கள். நிலத்தை அளந்த சங்கிலியின் நீளம் 66 அடி. எட்மண்ட் கண்டர் என்ற ஆங்கிலக் கணித அறிஞர் 1620-ஆம் ஆண்டளவில் அமைத்த அச்சங்கிலியில் நூறு கண்ணிகள் உண்டு. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கராகும். காடழித்த இடத்தில் குழி வெட்டுவதும், கால்வாய் தோண்டுவதும், மண் வாருவதும் பெரும்பாலும் அளந்து கொடுக்கும் வேலைகள். அளவுகோல் கங்காணியின் கையில் இருக்கும். மண்வெட்டி தொழிலாளியின் கையில் இருக்கும்.

அந்த அளவுகோலின் ஆற்றலை ஒரு சிறு கணக்கால் உணரலாம். நீளம், அகலம், ஆழம் மூன்றும் 18 அங்குலமாக ஒரு குழி வெட்டினால் வெளியே வரும் மண் 5,832 கன அங்குலம். அதையே 20 அங்குலமாக வெட்டினால் வருவது 8,000 கன அங்குலம். "இரண்டு அங்குலந்தானே!" என்று தோன்றும். ஆனால் மண்ணோ மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடிவிடுகிறது. குழிக்கு இத்தனை காசு என்று கூலி பேசியிருந்தால், மூன்று குழிக்கூலிக்கு நான்கு குழி மண்ணைத் தொழிலாளி தூக்கியவனாகிறான். சோழர் காலக் கல்வெட்டுகளில் பதினாறு சாண் கோல் முதலிய நிலமளந்த கோல்கள் குறிக்கப்படுகின்றன. கோலின் நீளத்தை ஊரார் அறியக் கோயிற் சுவரிலேயே வெட்டி வைத்த ஊர்களும் உண்டு. ஐயம் தோன்றினால் எவரும் போய் அளந்து பார்த்துக்கொள்ளலாம். தோட்டத்தில் அத்தகைய சுவர் இல்லை.

அந்தச் சுவரின் வேலையைத் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் வாய்பாடு ஓரளவு செய்தது எனலாம். மலாய்க் கூட்டு மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி ஒன்றை ஏற்படுத்தித் தரவேண்டும். ஓர் ஆசிரியரும், தகரக் கூரையும், சில பலகைகளுமாக இயங்கிய அப்பள்ளிகளில் எழுத்தும் எண்ணும் தவிர வேறென்ன கற்பித்தார்கள் என்று இன்றும் சிலர் ஏளனமாகக் கேட்பதுண்டு. பன்னிரண்டு அங்குலம் ஓர் அடி, மூன்றடி ஒரு கெஜம், இருபத்திரண்டு கெஜம் ஒரு சங்கிலி, பத்துச் சங்கிலி ஒரு பர்லாங்கு, எட்டுப் பர்லாங்கு ஒரு மைல் என்று அப்பிள்ளைகள் கூட்டாக ஒப்பித்தனர். சதுர அடிக்கு 144 சதுர அங்குலம், கன அடிக்கு 1,728 கன அங்குலம் என்பனவும் மனப்பாடம். தகப்பன் வெட்டிய கால்வாய் எத்தனை கன அடி என்று மகன் விளக்கொளியில் கணக்கிட்டுச் சொல்லக் கூடுமானால், அதைவிடப் பயனுள்ள பாடம் எது? ஏளனம் செய்வோர் இதற்கு விடை கூறட்டும்.

போர்க்காலத்தில் இந்த அளவைகளின் வேறொரு முகம் வெளிப்பட்டது. சப்பான் 1921-ஆம் ஆண்டிலேயே மெட்ரிக் அளவைக்குச் சட்டம் செய்த நாடு. ஆனால் அதன் உள்நாட்டு இருப்புப்பாதை, ஆங்கிலப் பொறியாளர் துணையோடு 1872-இல் தொடங்கியபோதே மூன்றரை அடி அகலத்தில் அமைந்துவிட்டது. மீட்டரை ஏற்ற சப்பானியரின் பாதை அடிக்கணக்கில். அடியை ஏற்ற ஆங்கிலேயரின் மலாயாப் பாதை மீட்டர்க்கணக்கில். இரண்டுக்கும் வேறுபாடு இரண்டு அங்குலம் ஐந்து நூல். சயாம்–பர்மா இருப்புப்பாதைக்குச் சப்பானிலிருந்து கொண்டுவந்த சி56 வகை நீராவி எஞ்சின்களின் சக்கர இடைவெளியை அந்த அளவுக்குக் குறைத்தே ஓட்ட வேண்டியிருந்தது. மலாயாவின் வண்டிகளுக்கு அத்தகைய மாற்றமெதுவும் தேவைப்படவில்லை. மலாயா, சயாம், பர்மா மூன்றும் ஒரே அகலம். ஆகவே சிங்கப்பூரிலிருந்தும் மலாயாவிலிருந்தும் சரக்குப் பெட்டிகளில் அடைக்கப்பட்ட போர்க்கைதிகளும் தோட்டத் தமிழரும் சயாமின் பான்போங் வரை இருப்புப்பாதை வழியே கொண்டு செல்லப்பட்டனர். மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையில் பெயர்த்தெடுத்த தண்டவாளங்களும் அவ்வழியே போயின. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள் இணைக்கப்பட்டது. காட்டில் மாண்ட தமிழர் பல்லாயிரவர். மேயோ பிரபு காலத்தில் சிக்கனங்கருதி எடுத்த ஒரு முடிவு, எழுபது ஆண்டுகளுக்குப் பின் தமிழ்க் குடும்பங்களின் தலைவாயிலுக்கு வந்து நின்றது. அளவையின் வரலாற்றை எழுதுவோர் இதைச் சொல்லாமல் கடந்து செல்வது முறையன்று.

போருக்குப் பின் அடிக்கும் மீட்டருக்கும் இடையிலான பழைய வழக்கு ஒருவாறு தீர்ந்தது. அதுவரை அமெரிக்க அங்குலமும் ஆங்கில அங்குலமும் நுண்ணளவில் வேறுபட்டிருந்தன. 1959-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தொட்டு ஓர் அங்குலம் மிகச் சரியாக 25.4 மில்லிமீட்டர் என்று அந்நாடுகள் உடன்பட்டன. ஆகவே ஓர் அடி 304.8 மில்லிமீட்டர், ஒரு கெஜம் 0.9144 மீட்டர். மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒரு மாற்று வாய்பாடு. உண்மையிலோ, அன்றுமுதல் அங்குலத்திற்குத் தனக்கென்று ஒரு மூல அளவு இல்லாது போயிற்று. மீட்டரைக் கொண்டே அங்குலம் வரையறுக்கப்படுகிறது. மலாயா இருப்புப்பாதையை இந்தக் கணக்கில் இட்டுப் பார்க்கலாம். மூன்றடி மூன்றங்குலம் மூன்று நூல் என்பது 39 அங்குலமும் மூன்று நூலும். அதை 25.4 ஆல் பெருக்கினால் 1,000.125 மில்லிமீட்டர் வரும். மீட்டருக்கு மேல் மிச்சம் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கே. தச்சனின் எட்டுப் பகுப்பு, மீட்டரை இவ்வளவு நெருங்கி வந்திருப்பது தற்செயலே ஆயினும் நினைவில் வைப்பதற்கு எளிது.

சிங்கப்பூர் 1970-இல் மெட்ரிக் மாற்றத்திற்கென வாரியம் அமைத்தது. மலேசியாவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து பள்ளி, சந்தை, சாலை என மாற்றம் படிப்படியாக வந்தது. பணத்தைப் பொறுத்தவரை இந்நாட்டுப் பிள்ளைகளுக்குப் பத்தடிமானம் புதிதன்று. நூறு காசு ஒரு வெள்ளி என்பது பிறந்தது முதல் அறிந்தது. பதினாறு தாயில் ஒரு கட்டி, நூறு கட்டி ஒரு பிக்கல் என்ற எடைக்கணக்கும், பன்னிரண்டு அங்குலக் கணக்கும் போனதில் அவர்களுக்கு வருத்தமில்லை. பன்னிரண்டு அங்குல மர அளவுகோல் முப்பது சென்டிமீட்டர் அளவுகோலுக்கு இடம் தந்தது. அவ்விரண்டும் சமமன்று; ஓரடி என்பது 30.48 சென்டிமீட்டர். அந்த அரைச் சென்டிமீட்டரைக் கவனித்துக் கேட்ட மாணவனே கணக்கில் தேறுவான்.

ஆனால் அடியும் அங்குலமும் பாடநூலைவிட்டுப் போனவேயன்றி, வீட்டைவிட்டுப் போகவில்லை. மலேசியாவில் வரிசை வீடு இருபத்திரண்டுக்கு எழுபத்தைந்து என்றே விலை பேசப்படுகிறது. ஒட்டுப்பலகை நான்குக்கு எட்டு. தண்ணீர்க் குழாய் அரையங்குலம். தொலைக்காட்சித் திரையும் அங்குலத்தில். மணமகனின் உயரம் அடியில். வாழ்க்கையில் தங்கிவிட்ட அளவையைப் பள்ளி கைவிட்டதனால் விளைந்த குழப்பம் சிறிதன்று. இன்றைய மாணவன் பத்தடிமானத்தில் வளர்ந்தவன். பத்தடி ஒன்பது அங்குலத்தை 10.9 என எழுதுகிறான். பத்தடி பத்து அங்குலத்தை 10.10 என எழுதுகிறான். புள்ளிக்கு அப்பால் நிற்பது பத்தில் ஒரு பங்கா, பன்னிரண்டில் ஒரு பங்கா என்று கணிப்பொறி கேட்பதில்லை.

ஓர் அறையின் நீளம் பத்தடி பத்து அங்குலம், அகலம் பன்னிரண்டு அடி எனக் கொள்வோம். பரப்பு சரியாக 130 சதுர அடி. 10.10 என்று தட்டிப் பன்னிரண்டால் பெருக்கினால் 121.2 என விடை வரும். ஓரடிச் சதுர ஓடு வாங்கியவனுக்கு எட்டு ஓடுகளுக்கு மேல் குறையும். அறையின் நீளம் ஓர் அங்குலம் குறைந்து பத்தடி ஒன்பது அங்குலமாக இருந்தாலோ, உண்மைப் பரப்பு 129 சதுர அடி; 10.9 என்று தட்டியவனுக்குக் கிடைப்பது 130.8. சிறிய அறை பெரிதாகவும், பெரிய அறை சிறிதாகவும் மாறிவிடுகின்றன! ஐந்தடி பத்து அங்குல உயரமுள்ள ஓர் இளைஞனை 5.10 அடி என்று கணக்கிட்டால், 178 சென்டிமீட்டருக்குப் பதிலாக 155 சென்டிமீட்டர் வரும். அங்குலத்தை முதலில் பன்னிரண்டால் வகுத்து, அதன்பிறகே அடியோடு கூட்ட வேண்டும். அல்லது அடியைப் பன்னிரண்டால் பெருக்கி அனைத்தையும் அங்குலமாக்கி, 2.54 ஆல் பெருக்கிச் சென்டிமீட்டராக்க வேண்டும். இவ்வளவே செய்முறை. தோட்டப் பள்ளிப் பிள்ளைகள் மூன்றாம் வகுப்பில் அறிந்திருந்த இதனை, இன்று கணக்கில் உயர்மதிப்பெண் பெற்றவர்களும் தட்டுத்தடுமாறிச் செய்வதைக் காணலாம்.

மலேசியாவின் மீட்டர்ப் பாதையில் 2010-ஆம் ஆண்டு முதல் ஈப்போவுக்கும் தெற்கேயுள்ள நகரங்களுக்குமிடையே விரைவு மின்தொடர்வண்டிகளும் ஓடுகின்றன. அகலம் அதே மூன்றடி மூன்றங்குலம் மூன்று நூல்தான். மெட்ரிக் சட்டத்திற்குப் பின்னர்த் திட்டமிட்டுக் கட்டிய கோலாலம்பூரின் இலகு இரயிலும், சிங்கப்பூரில் 1987-இல் தொடங்கிய பெருவிரைவு இரயிலும் வேறு அகலம் கொண்டவை. அவை உலகின் பெரும்பாலான நாடுகள் ஏற்ற 1,435 மில்லிமீட்டர் பாதையில் ஓடுகின்றன. இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கப் பாதைகளிலிருந்து வழிவந்த அளவு அது. கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையத்தில் இரண்டு அகலப் பாதைகளையும் ஒரே கட்டடத்தில் காணலாம். அடிக்கணக்குக் காலத்தில் போட்ட பாதை ஒரு மீட்டர். மீட்டர்க்கணக்குக் காலத்தில் போட்ட பாதை நான்கடி எட்டங்குலம் நான்கு நூல்.